ஊசிவள்ளியின் வேலி

முள்ளம்பன்றி ஊசிவள்ளி, காட்டுமுயல் சாமை, மலை அணில் கொப்பன், கருமந்தி பெரியாண்டி ஆகிய நால்வரும் சேர்ந்து மலைச்சரிவில் ஓர் அவரைத் தோட்டம் போட்டிருந்தார்கள்.

தோட்டத்துக்கு மேலே சோலைக்காடு இருந்தது. கீழே புல்வெளி. புல்வெளிக்கும் கீழே ஆழமான பள்ளத்தாக்கு. தோட்டத்தின் கீழ் எல்லையில், இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறை வரை, ஓர் உயிர்வேலி வளைந்து நின்றது. மேலேயிருந்து பார்த்தால் யாரோ ஒரு முறத்தைச் சரிவில் சாய்த்து வைத்தது போல் இருக்கும்.

அது சாதாரண வேலி இல்லை. முள்செடியும் காட்டு ரோஜாவும் பின்னிப் பிணைந்து, சிட்டுக்குருவி கூட நுழையத் திணறும் அளவுக்கு அடர்ந்திருந்தது. அந்த வேலிக்கு ஒரு கதையும் இருந்தது. பெருங்காற்று அடித்த வருஷத்தின் கதை அது.

அந்த வருஷம் ஐப்பசியில், பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த காற்று தோட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. கொடி இல்லை. பந்தல் இல்லை. அன்று எல்லாரும், மிச்சமிருந்த ஒரு பிடி விதையை எடுத்துக்கொண்டு, ஊசிவள்ளியின் வளைக்குள்தான் ஒடுங்கிக் கிடந்தார்கள். காற்று ஓய்ந்ததும் வெளியே வந்து பார்த்த ஊசிவள்ளியின் கணவன் கூரன், "காத்து வர்ற வழியை அடைச்சுட்டா என்ன?" என்று கேட்டான்.

அவ்வளவுதான்! கொட்டும் மழையிலேயே நடவு தொடங்கியது. கூரன் குழி தோண்டினான். ஊசிவள்ளி கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமை காலால் மண் தள்ளினாள். கொப்பன் மரத்திலிருந்து காற்றின் திசை சொன்னான். பெரியாண்டி காட்டிலிருந்து முள்செடிகளை வேரோடு பிடுங்கி வந்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ புயல்கள் வந்தன. ஒரு கொடி கூடச் சாயவில்லை.

கூரன் இப்போது இல்லை. வேலி இருந்தது.

மழைக்காலத்து மாலைகளில் அந்த நால்வருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் தோட்டத்து நடுப்பாறையில் கூடுவார்கள். அன்று வானத்திலும் காற்றிலும் மண்ணிலும் தான் கண்டதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதற்கு 'வானம் சொல்வது' என்று பெயர். ஒருவர் சொல்லும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது. சொல்லி முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

வானம் சொல்லி முடிந்ததும் பேச்சு தானாகவே பெருங்காற்று வருஷத்துக்குப் போய்விடும்.

"அன்னைக்கு வளைக்குள்ள என் வாலுக்கு மட்டும் இடமில்ல," என்பான் பெரியாண்டி. "வால் வெளியிலயே நனைஞ்சுக்கிட்டு கிடந்துச்சு."

"பொய்! உன் வால் என் வாய்க்குள்ளதான் இருந்துச்சு," என்பான் கொப்பன். "இன்னும் அந்த ருசி மறக்கல!"

"உங்க ரெண்டு பேருக்கும் பேச வாய் இருந்துச்சு," என்பாள் சாமை. "ஊசியக்கா பக்கத்துல படுத்தது யாரு? நானு! விடியற வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் உப்பினாலும் முள்ளு குத்தும்!"

ஊசிவள்ளி குலுங்கிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் முட்கள் கலகலவென்று சத்தம் போடும். பிறகு கீழே வேலியைப் பார்ப்பாள். "அவரு எப்படி நட்டாரு பார்த்தீங்களா? பேசிக்கிட்டே நடுவாரு. அதனாலதான் பாதிச் செடி கோணல்," என்பாள். கோணல் செடிகள்தான் அவளுக்கு அதிகம் பிடிக்கும். எல்லாரும் அந்தப் பக்கமே பார்ப்பார்கள்.

இந்த வருஷமும் ஐப்பசியில் புயல் வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று உறுமிக்கொண்டு ஏறியது. வேலியில் மோதியது. மோதிய வேகத்தில் மேலே எழும்பி, தோட்டத்தின் தலைக்கு மேலே போய்விட்டது. அவரைக் கொடிகள் இலேசாகத் தலையசைத்தன. அவ்வளவுதான்.

"கூரன் அண்ணன் வேலின்னா சும்மாவா!" என்று பெரியாண்டி பாறைமேல் ஏறி நின்று கூவினான்.

கார்த்திகை பிறந்தது. மழை வழக்கத்தைவிடச் சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டது. அவரைக் காய்கள் பச்சையாய்த் தொங்கின. நடுப்பாத்தியில் இருந்தவற்றை யாரும் பறிக்கவில்லை. அவை விதைக்கு; அதுதான் விதைப்பாத்தி. கொடியிலேயே முற்றிக் காய்ந்தால்தான் அடுத்த மழைக்கு விதைக்க முடியும். அந்தச் சரிவில் அவரை விதை வேறு எவரிடமும் இல்லை. உறைபனி எப்போதும் மார்கழியில்தான் வரும். அதற்குள் காய் முற்றிவிடும். இதுதான் அவர்கள் கணக்கு.

அன்று மாலை கொப்பன் வானம் சொன்னான்: "மேகம் ஒரு துண்டு கூட இல்ல. இலை அசையல. வானம் கழுவித் துடைச்ச மாதிரி இருக்கு."

"பிரமாதம்! இனிமே புயலுக்கு வேலை இல்ல," என்றான் பெரியாண்டி.

சாமையின் முறை வந்தது. "எனக்குக் கால் சில்லுன்னு இருக்கு," என்றாள்.

அவள் சொல்லி முடிக்கும் வரை பெரியாண்டி பொறுத்துக்கொண்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாமைக்குச் சித்திரையிலயும் கால் சில்லுன்னுதான் இருக்கும்!"

மறுநாள் காலையில் யாரும் சிரிக்கவில்லை.

புல்லெல்லாம் வெள்ளை. உப்பைத் தூவியது போல உறைபனி! மிதித்தால் நொறுங்கியது. வெயில் ஏற ஏற, வேலியை ஒட்டிய அவரை வரிசைகள் வெந்த கீரை மாதிரி துவண்டன. நண்பகலுக்குள் கறுத்துப்போயின. நடுப்பாத்தி தப்பியிருந்தது. சோலையை ஒட்டிய மேல் வரிசைகளில் ஓர் இலை கூட வாடவில்லை.

நால்வரும் கறுத்த கொடிகளின் முன்னால் நின்றார்கள்.

"வேலிக்குப் பக்கத்துலதான் சேதம்," என்றான் பெரியாண்டி. "தூரத்துல ஒண்ணும் ஆகல. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"குளிர் வேலி வழியா உள்ள வந்திருக்கு," என்றாள் ஊசிவள்ளி. "எங்கேயோ ஓட்டை இருக்கு. காத்து வர்ற மாதிரிதானே குளிரும் வரும்? அடைச்சுட்டா ஆச்சு!"

அது எல்லாருக்கும் சரி என்றே பட்டது. புயலை நிறுத்திய வேலி பனியை நிறுத்தாதா என்ன?

அன்று பகல் முழுவதும் பெரணி இலைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தார்கள். வேலியின் அடியில் இருந்த சந்துகளில் திணித்தார்கள். மேலே சேறு பூசினார்கள். கொப்பன் சிறிய சிறிய பொந்துகளைத் தேடித் தேடிப் பாசியால் அடைத்தான். வேலை நடக்க நடக்க அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய நாட்கள் திரும்பி வந்தது போல் இருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் சேத்துல நின்னோம், இல்லக்கா?" என்றான் பெரியாண்டி.

"ஆமாடா தம்பி," என்றாள் ஊசிவள்ளி. அவள் கண்கள் மின்னின. "அவரு மட்டும் இருந்திருந்தா இந்நேரம் நாலு பேச்சுப் பேசியிருப்பாரு."

மாலையில் விதைப்பாத்தியின் மேல் மிலார்களை, அதாவது இலையோடு கூடிய சின்னக் கிளைகளை, பரப்பி மூடினார்கள். மலைத்தோட்டக்காரர்கள் பனிக்குச் செய்யும் காவல் அது. பிறகு நிம்மதியாகப் படுக்கப் போனார்கள்.

விடிந்தது. பனி முன்னைவிட மோசம்!

இந்த முறை கறுப்பு வேலியோடு நிற்கவில்லை. வரிசை வரிசையாக மேலே ஏறி, விதைப்பாத்தியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. மிலார் போர்த்தியும் ஓரக் கொடிகள் துவண்டிருந்தன.

சாமை ஒரு காயைப் பிளந்து பார்த்தாள். உள்ளே விதை இன்னும் பால் பிடித்த நிலையில்தான் இருந்தது. இப்போது பறித்தால் முளைக்காது. கொடியிலேயே விட்டால் இன்று இரவு பனிக்குப் பலி.

"இன்னொரு தடவை இப்படிப் பனி விழுந்தா விதை மொத்தமும் போச்சு," என்றாள்.

"இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கு," என்றாள் ஊசிவள்ளி. "வாங்க! இன்னும் உயரமா அடைப்போம்!"

அன்று பொழுது சாயும் வரை ஊசிவள்ளியும் பெரியாண்டியும் வேலியை விட்டு நகரவில்லை. சாமை மிலார் பொறுக்கப் போனாள். கொப்பன் வழக்கம் போல வானம் பார்க்க நாவல்மரத்தின் உச்சியில் ஏறினான். அந்த மரம் விதைப்பாத்தியை ஒட்டி நின்றது.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது.

"ஏ நீட்டுக்காது! பயப்படாதே!" என்று உச்சியிலிருந்து கத்தினான் கொப்பன். "இன்னைக்குக் குளிரே இல்ல! இதமா இருக்கு!"

"பொய் சொல்லாதடா வாலாட்டி! எனக்குக் காது விறைக்குது!" என்று கீழேயிருந்து கத்தினாள் சாமை.

"நானா பொய் சொல்றேன்? என் முடி ஒண்ணு கூடச் சிலிர்க்கல!"

"அப்ப இறங்கி வந்து பாரு! வானத்தைப் பார்க்கிறவனுக்குத் தரையில நிக்கிறவ கஷ்டம் எப்படித் தெரியும்?"

கொப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வர்றேன்! வந்து உன் காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்!" என்று இறங்கத் தொடங்கினான்.

பெரிய கவட்டை வரை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கிளைக்கு வந்தபோது காது நுனி சில்லிட்டது. இன்னும் இறங்கினான். மீசை குளிர்ந்தது. அடிமரத்துக்கு வந்ததும், குளத்துக்குள் கால் வைத்தவன் போல வெடுக்கென்று மேலே ஏறிவிட்டான்.

"சாமை!" என்றான். அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "கீழே யாரோ குளிரை ஊத்தி வச்சிருக்காங்க!"

"நான் இவ்வளவு நேரமா என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

"இல்ல, விளையாட்டு இல்ல! மேலே சூடா இருக்கு. இறங்க இறங்கக் குளிருது. குளம் மாதிரி! மேலே கரை, கீழே தண்ணி!"

சாமை காதுகளை நிமிர்த்தினாள். "குளம்னா தண்ணி எங்கிருந்தோ வரணுமே? எங்கேயோ தேங்கணுமே?"

இருவரும் சரிவைப் பார்த்தார்கள். அப்போதுதான் சோலையின் ஓரத்திலிருந்து மெல்லிய மூடுபனி கிளம்பியது. அது மேலே எழவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு, அவரை வரிசைகளுக்கு நடுவே, வழி தெரிந்தது போல இறங்கியது. நாவல்மரத்தைத் தாண்டியது. வேலியைத் தொட்டது. நின்றது.

பிறகு மெல்ல மெல்ல உயரத் தொடங்கியது.

சாமை பாய்ந்து ஓடினாள். ஓரப் பாறையில் ஏறி வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது: "கொப்பா! இந்தப் பக்கம் பனியே தேங்கல! குளிரும் அவ்வளவா இல்ல!"

கொப்பன் வாலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அடக் கடவுளே! குளிர் வெளியிலேயிருந்து உள்ள வரல. மேலேயிருந்து இறங்கி வெளியே போகப் பார்க்குது. நாமதான் விடாமப் பிடிச்சு வச்சிருக்கோம்!"

இருவரும் ஊசிவள்ளியிடம் ஓடினார்கள். அவள் முகம் முழுக்கச் சேறு. வாயில் ஒரு பெரணிக் கட்டு.

"அக்கா, நிறுத்துங்க!" என்றாள் சாமை. "வேலியைத் திறக்கணும்!"

ஊசிவள்ளி கட்டைக் கீழே போட்டாள். "என்ன சொன்ன?"

கொப்பன் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மரத்தையும் சொன்னான், மூடுபனியையும் சொன்னான்.

பெரியாண்டி கைகொட்டிச் சிரித்தான். "குளிர் என்ன தண்ணியா, சரிவு பார்த்து ஓட? நாளைக்கு வெயிலை வாளியில மொண்டு வருவீங்க போல!"

"அண்ணே, சிரிக்காம உங்க காலைப் பாருங்க!" என்றாள் சாமை. பெரியாண்டி குனிந்து பார்த்தான். அவன் முழங்கால் வரை மூடுபனியில் மறைந்திருந்தது. அவன் சிரிப்பை நிறுத்தினான்.

ஆனால் ஊசிவள்ளி காலைப் பார்க்கவில்லை. அவள் முதுகில் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"இந்த வேலியில கை வைக்கவா வந்தீங்க?" என்றாள். "சாமை, பெருங்காத்து வருஷத்துக்கு அடுத்த வருஷம் நீ குட்டி போட்டிருந்த. அன்னைக்கு அடிச்ச காத்துல உன் குட்டிங்க பறந்து போயிருக்கும். தடுத்தது எது?"

"இந்த வேலிதான்க்கா. மறக்கல."

"மறக்காதவ பேசற பேச்சா இது? அவரு போன பிறகு எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். போங்க! எல்லாரும் போங்க!"

கொப்பனும் பெரியாண்டியும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். சாமை மட்டும் திரும்பி நின்றாள்.

"அக்கா, விதை போயிட்டா அடுத்த வருஷம் இந்த வேலி எதைக் காக்கும்?" என்று கேட்டாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

ஊசிவள்ளி தனியாக நின்றாள்.

மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மீதி இருந்தது. அவள் வேலியோரமாக நடந்தாள். இது கூரன் தும்மிக்கொண்டே நட்ட செடி. இது வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லியும் அவன் பிடிவாதமாக வைத்த காட்டு ரோஜா. "வேலிக்குப் பூ எதுக்கு?" என்று அவள் கேட்டாள். "புயல் பூப் பார்த்தா கொஞ்சம் மரியாதையா நடந்துக்கும்," என்றான் அவன். அந்த வருஷம் அவள் சிரித்தது போல் பிறகு எந்த வருஷமும் சிரிக்கவில்லை.

நடக்க நடக்க, குளிர் அவள் பாதத்தில் ஏறியது. முழங்காலுக்கு வந்தது. வேலியின் நடுப்பகுதிக்கு வந்தபோது வயிற்றைத் தொட்டது. அங்கேதான் சரிவு மிகத் தாழ்ந்திருந்தது.

அவள் வேலியில் மூக்கை வைத்தாள். அன்று காலையில் தானே திணித்த ஒரு பெரணிக் கட்டு கண்ணில் பட்டது. அதைப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

சிறிய ஓட்டைதான். ஆனால் மூடுபனி சட்டென்று திரும்பியது. ஒரு வெள்ளைப் பாம்பு போல நெளிந்து அந்த ஓட்டைக்குள் நுழைந்து வெளியே போனது. ஓட்டையைச் சுற்றி மூடுபனியில் ஒரு குழி விழுந்தது. அவள் வயிற்றில் குளிர் கொஞ்சம் இறங்கியது.

ஊசிவள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவசரம் அவசரமாகக் கட்டை எடுத்து ஓட்டையை மறுபடி அடைத்துவிட்டாள்! யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பியும் பார்த்தாள். யாரும் இல்லை. மூடுபனி மட்டும் மீண்டும் உயர்ந்தது.

அது அவளைத் தாண்டி மேலே ஏறியது. நடுப்பாத்தியின் முதல் கொடியைத் தொட்டது. இலைகள் ஏற்கெனவே தொங்கிப்போயிருந்தன. அந்தக் கொடிகள் எந்த விதையிலிருந்து வந்தவை? பெருங்காற்று அடித்த அன்று எல்லாரும் வளைக்குள் கொண்டு வந்து காப்பாற்றிய விதை அது. கூரன் வேலி நட்டது வேலிக்காக இல்லை. இந்தக் கொடிக்காக.

"சாமை!" என்று கத்தினாள் ஊசிவள்ளி. "கொப்பா! பெரியாண்டி! ஓடி வாங்க!"

அவர்கள் தூரத்தில் போயிருக்கவில்லை. மூன்று பேரும் பாறைக்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓடி வந்தார்கள்.

"எந்த இடத்துல திறக்கணும்?" என்று கேட்டாள் ஊசிவள்ளி.

கொப்பன் தயங்கினான். "மழைத்தண்ணி எங்கே இறங்குமோ அங்கேதான்க்கா. இந்த நடுவுல. ஆனா இங்கே..."

"தெரியும். அவரு நட்ட முதல் செடி."

அந்தச் செடி தண்டு தடித்து, மற்றவற்றைவிடக் கோணலாக நின்றது.

"நகருங்கக்கா," என்றான் பெரியாண்டி. அவன் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. நான் ஒரே இழுப்புல பிடுங்கிடறேன்."

"வேண்டாம்டா தம்பி. அன்னைக்கு அவரு நடும்போது நான்தான் இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னைக்கும் நானே பிடிச்சுக்கிறேன்."

ஊசிவள்ளி தண்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கடித்தாள்.

முள்ளம்பன்றியின் பல் உளி மாதிரி. இருந்தாலும் அந்தத் தண்டு எளிதில் விடவில்லை. 'கறக் கறக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் செடி முனகிக்கொண்டு சாய்ந்தது. பெரியாண்டி அதை விழவிடாமல் தாங்கிப் பிடித்து, மெதுவாகத் தரையில் படுக்க வைத்தான்.

"இது போதாது. பக்கத்துச் செடியும் போகணும்," என்றாள் ஊசிவள்ளி. அதையும் அவளே கடித்தாள். அதற்கடுத்ததையும் கடித்தாள்.

வேலியில் ஒரு வாசல் பிறந்தது.

மூடுபனி ஒரு கணம் யோசிப்பது போல் நின்றது. பிறகு, மதகு திறந்த ஏரி போல, மொத்தமும் வாசலை நோக்கித் திரும்பியது. புல்லைத் தடவிக்கொண்டு, நால்வரின் கால்களையும் தடவிக்கொண்டு, சத்தமே இல்லாமல் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கியது.

"போகுது! போகுது!" என்று துள்ளினாள் சாமை. "என் காது வெளியே தெரியுது பாருங்க!"

"நின்னுக்கிட்டு வேடிக்கை பார்க்காதீங்க!" என்று அதட்டினாள் ஊசிவள்ளி. "திணிச்ச பெரணி அத்தனையும் உருவுங்க! கொண்டு போய் விதைப்பாத்தி மேல போர்த்துங்க! மிலார் கீழே, பெரணி மேலே!"

நன்றாக இருட்டுவதற்குள் எல்லாக் கட்டுகளையும் உருவிவிட்டார்கள். இரண்டு பகல் பாடுபட்டு அடைத்ததை ஒரு மாலைக்குள் பிரித்துப் போட்டார்கள்.

விடிந்ததும் முதலில் ஓடியது ஊசிவள்ளிதான்.

பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அவ்வளவு பனியும் அங்கே போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. புல்வெளியிலும் வெள்ளை. ஆனால் விதைப்பாத்தியில்? அவள் பெரணியை விலக்கினாள். மிலாரை விலக்கினாள்.

ஓரத்து இலைகள் சில கருகியிருந்தன. காய்கள் பச்சையாக இருந்தன. அவள் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை வாசம் வந்தது. உயிர் இருந்தது.

"பிழைச்சுடுச்சு," என்றாள். சாமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முள் குத்துமே என்று மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பனி அதற்குப் பிறகும் பல நாள் விழுந்தது. விழுந்த பனியெல்லாம் வாசல் வழியாக இறங்கிப் போனது. கார்த்திகை முடிவதற்குள் காய்கள் மஞ்சளாகி, பழுப்பாகி, ஆட்டினால் கிலுகிலுவென்று ஒலித்தன. விதை கைக்கு வந்தது.

அப்போது பெரியாண்டிக்கு ஒரு கவலை வந்தது. "எல்லாம் சரிக்கா. அடுத்த ஐப்பசியில புயல் வந்தா இந்த வாசல் வழியா நேரா உள்ள வந்துடுமே? மறுபடி செடி நட்டு அடைச்சுடலாமா?"

"அடைச்சுட்டு அடுத்த கார்த்திகையில மறுபடி நான் கடிக்கணுமா?" என்றாள் ஊசிவள்ளி. "என் பல்லு என்ன இரவல் பல்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஊசிவள்ளி கடித்துப் போட்ட முள்தண்டுகளை இழுத்து வந்து, காட்டுக்கொடியால் நெருக்கமாகப் பின்னத் தொடங்கினாள். மாலைக்குள் உறுதியான ஒரு படல் தயாராகிவிட்டது. புயல் மாதத்தில் அதை வாசலில் சாத்தி, கல் வைத்து இறுக்கலாம். பனி மாதத்தில் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

"வேலிக்குக் கதவா!" என்று வியந்தான் கொப்பன். "கூரன் அண்ணன் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"கோணலா இருக்குன்னு சொல்லியிருப்பாரு," என்றாள் ஊசிவள்ளி.

அன்று சூரியன் இறங்கிய பிறகும் அவள் வளைக்குத் திரும்பவில்லை. திறந்த வாசலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சோலையிலிருந்து கிளம்பிய குளிர், அவரை வரிசைகளைக் கடந்து, அவள் மடியை உரசிக்கொண்டு கீழே போனது. அதை அவள் தடுக்கவில்லை. வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டாள். "போ, போ. பார்த்துப் போ," என்று, புறப்படுகிற விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

ஓர் ஆபத்தில் நம்மைக் காப்பாற்றியதை என்றும் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் எல்லா ஆபத்துக்கும் அதுவே காவல் என்று நம்பி, திறக்க வேண்டிய வேளையில் திறக்காமல் இருந்துவிடக் கூடாது.